ஏழு வருட ரைடிங் மோவர்: டெக் பராமரிப்பில் என் அனுபவம்

வட கரோலினாவில் முக்கால் ஏக்கர் புல்தரையோடு வீடு வாங்கியபோது உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி (ரைடிங் மோவர்) ஒன்றும் வாங்கினேன், அதன் டெக் (அடியில் பிளேடுகள் சுழலும் தகட்டுக் கூடு) 42 அங்குலம். ஏழு வருடமாகிறது. எஞ்சினுக்கு ஆயில், ஃபில்டர் தவிர பெரிய செலவில்லை, வேலை வைத்ததெல்லாம் டெக்தான்.

மூன்றாம் வருடம் புல் ஏற்ற இறக்கமாக வெட்டுப்பட ஆரம்பித்தது. பிளேடு மழுங்கிவிட்டது என்று இரண்டையும் மாற்றினேன், அப்புறம் பெல்ட்டை மாற்றினேன், டயரில் காற்று பார்த்து டெக் மட்டத்தையும் சரிசெய்தேன் (முன்பக்கம் பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும், சரியான அளவு மேனுவலில் இருக்கும்), ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியில் டெக்கைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டு பிளேடு நுனியைப் பிடித்து ஆட்டினால் இடது பக்கம் கடகடவென்று ஆடுகிறது! கையால் சுற்றும்போது மணல் அரைபடுகிற மாதிரி ஒரு கரகரப்பு. ஸ்பிண்டில் (பிளேடைத் தாங்கிச் சுழலும் தண்டு) பேரிங் போய்விட்டது. முதலில் பார்த்திருக்க வேண்டியது அதைத்தான்.

ஒவ்வொரு தடவையும் பிரஷர் வாஷரால் டெக்கைக் கழுவியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்த வேகத்தில் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய் கிரீஸைக் கெடுத்துவிடும். இப்போது மேலே ப்ளோயர் மட்டும்தான், அடியில் ஒட்டியிருக்கும் புல்லைச் சுரண்டி எடுத்துவிடுகிறேன். ஈரப்புல் அப்படியே கிடந்தால் தகடு துருப்பிடித்து ஓட்டையாகும்.

பேரிங்கை மட்டும் மாற்றாமல் இரண்டு பக்கமும் முழு ஸ்பிண்டிலையே மாற்றினேன். பழைய போல்ட்டுகள் துருவேறி ஒன்று தலையோடு முறிந்தது, முந்தைய நாளே துருவை இளக்கும் எண்ணெய் ஊற்றி ஊறவிடுங்கள். என் மாடலில் புது ஸ்பிண்டிலின் அலுமினிய ஹவுசிங் (வெளிக்கூடு) மரையில்லாமல்தான் வந்தது, போல்ட்டே மரை வெட்டிக்கொண்டு இறங்கும். அதை இம்பாக்ட் கன்னால் (போல்ட்டை வேகமாக முறுக்கும் கருவி) அவசரமாக ஏற்றாதீர்கள், கையால் நேராக, நிதானமாக ஏற்றுங்கள்.

பிளேடில் கை வைக்கும் முன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள், இதில் மட்டும் சோம்பல் வேண்டாம். சாணை பிடித்ததும் நடு ஓட்டையை ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள், தாழ்கிற பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். எடை சமமில்லாத பிளேடு அதிர்ந்து அதிர்ந்தே புது பேரிங்கையும் தின்றுவிடும்.

பெல்ட்டில் காசு மிச்சம் பிடிக்கப் பார்த்து சாதாரண வி-பெல்ட் போட்டேன், ஒரு கோடைகூடத் தாங்கவில்லை. மோவருக்கென்றே வரும் அராமிட் (மிக வலுவான செயற்கை இழை) நூல் வைத்த பெல்ட் மூன்றாவது வருடமாக ஓடுகிறது.

போன வாரம் ஆட்டிப் பார்த்தபோது வலது பக்கத்தில் லேசான ஆட்டம் தெரிந்தது. இந்தத் தடவை மற்ற எதையும் தொடாமல் ஸ்பிண்டிலுக்குத்தான் ஆர்டர் போட்டிருக்கிறேன்.