துருப்பிடித்த சேசிஸுக்குப் போர்-15: வாங்கலாமா?

தூத்துக்குடி போன்ற கடலோர ஊரில் பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்குச் சேசிஸ் (வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம்) துருப்பிடிப்பது எப்போதோ ஒருமுறை வரும் சிக்கல் அல்ல. ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தே ஆக வேண்டும். பட்டறைகளில் வழக்கமாகக் கம்பி பிரஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு என்ற அடிப்பூச்சு அடித்து, அதன்மேல் கறுப்பு எனாமல் பூசிக் கொடுப்பார்கள். பள்ளங்களுக்குள் துருவும் உப்பும் அப்படியே தங்கிவிடுவதால், பார்வைக்குப் புதிதாகத் தெரியும் அந்தப் பூச்சு விரைவிலேயே கொப்பளித்து உரியத் தொடங்கும். இதற்கு மாற்றாக, அமெரிக்கத் தயாரிப்பான போர்-15 (POR-15) என்ற துருத்தடுப்புப் பூச்சை என் ஜீப்பின் சேசிஸில் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

இது காற்றிலுள்ள ஈரத்துடன் வினைபுரிந்து இறுகும் யூரித்தேன் வகைப் பூச்சு. காய்ந்தபின் கண்ணாடி போலக் கெட்டியாகி, நீரும் காற்றும் இரும்பைத் தொடவிடாமல் தடுக்கிறது. வழவழப்பான புது இரும்பைவிடச் சொரசொரப்பான துருப்பரப்பையே இது நன்றாகப் பற்றிக்கொள்ளும் என்பதுதான் இதன் தனிச்சிறப்பு. ஆனால் இதைக் கேள்விப்பட்டுப் பெயின்டை மட்டும் வாங்கி, துருவின்மேல் நேரடியாகப் பூசிவிட நினைப்பவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள் என்று உறுதியாகச் சொல்வேன். எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவம், பாஸ்பாரிக் அமிலம் கலந்த 'மெட்டல் பிரெப்', அதன் பிறகு பெயின்ட் என்று மூன்று கட்டமாகச் செய்ய வேண்டிய வேலை இது.

முதல் கட்டத்தை நம் ஊரில் யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது. துருப்பிடிக்காமல் இருக்க வண்டியின் அடிப்பகுதியில் டீசலோ கழிவு ஆயிலோ அடிக்கும் பழக்கம் இங்கே உண்டு. அது தூசியோடு சேர்ந்து ஸ்பிரிங் பிராக்கெட்டுகளைச் சுற்றித் தார் போல அப்பியிருக்கும். பிசுக்கை விட்டுவிட்டுக் கிரைண்டரில் கப் பிரஷை மாட்டித் தேய்த்தால், அழுக்கு இரும்பின்மேல் இன்னும் நன்றாகப் பரவுமே தவிர நீங்காது. எனவே முதலில் பிசுக்கை நீக்கிக் கழுவிவிட்டு, பிறகுதான் செதில் செதிலாக நிற்கும் துருவைச் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டும்போதே சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பது நல்லது. மந்தமான ஓசை எழும் இடத்தையும், ஸ்க்ரூ டிரைவர் முனை உள்ளே இறங்கும் இடத்தையும் வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அரித்துப்போன இரும்புக்கு எந்தப் பெயின்டும் வலு தராது. சேசிஸ் எண் பொறித்த இடத்தில் மட்டும் கிரைண்டரைக் காட்டவே கூடாது. பதினைந்து ஆண்டுகள் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது அந்த எண் தெளிவாகத் தெரிய வேண்டும்.

மெட்டல் பிரெப்பைப் பூசி, காயவிடாமல் மீண்டும் மீண்டும் நனைத்து, சுமார் அரை மணி நேரம் ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். அமிலம் துருவோடு வினைபுரிந்து, இரும்பின்மேல் சாம்பல் கலந்த வெண்மையில் ஒரு பாஸ்பேட் படலத்தை விட்டுச்செல்லும். பூச்சுக்குப் பிடிமானம் தருவது இந்தப் படலம்தான். அடுத்து நீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. எந்த நீர் என்பதைக் கடலோரத்தில் இருப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும். துருப் பள்ளங்களில் தங்கும் உப்பை அமிலம் மாற்றுவதில்லை, நீர்தான் கரைத்து வெளியேற்ற வேண்டும். எங்கள் பகுதியில் பல போர்வெல்களில் வருவது உப்பு நீர் என்பதால், அதில் கழுவினால் போக்க நினைத்த உப்பை நாமே திரும்பப் பூசியதாக ஆகிவிடும். நான் மழைநீரைப் பயன்படுத்தினேன். குடிநீர் கேன் வாங்கினாலும் அந்தச் செலவு தகும். பிறகு கம்ப்ரசர் காற்றால் மூலைமுடுக்கெல்லாம் ஊதி, வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். ஈரம் எஞ்சியிருக்கும் இரும்பில் பூசினால் பெயின்டில் குமிழ் விழும்.

பூசும் வேலை எளிது. மெல்லியதாக ஒரு பூச்சு, விரலால் தொட்டால் லேசாக இழுக்கும் பதத்தில் இரண்டாவது பூச்சு, அவ்வளவுதான். பிரஷ் தடங்கள் தானாகவே சமமாகிவிடுவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கையுறை கட்டாயம், ஏனென்றால் தோலில் காய்ந்துவிட்டால் எந்தத் தின்னராலும் போகாது. இதில் மூச்சுக்குள் போனால் தீங்கு செய்யும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருப்பதால் காற்றோட்டமான இடத்தில், தகுந்த முகமூடியோடு பிரஷால் பூசுவதே நல்லது. வீட்டில் ஸ்ப்ரே செய்யும் எண்ணமே வேண்டாம்.

இதன் பெரிய வரம்பு வெயில். சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டால் இது நிறம் மங்கும், மேல்பூச்சு தேவைப்படும். ஆகவே வண்டிக்கு அடியில் மறைந்திருக்கும் சேசிஸுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வெளியே தெரியும் பைக் பிரேமுக்கு, மணல் வீச்சால் சுத்தம் செய்து எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சை அடிப்பதே மேல் என்பது என் கருத்து. பெட்டி வடிவக் குழாய்களின் உட்புறத்துக்கும் பிரஷ் எட்டாது. அங்கே நீண்ட குழல் வைத்து மெழுகு வகைத் துருத்தடுப்பானைத்தான் செலுத்த வேண்டும்.

ரெட் ஆக்சைடோடு ஒப்பிட்டால் விலை பல மடங்கு அதிகம். வாங்குபவர்கள் பெரிய டப்பாவைத் தவிர்த்து, 118 மில்லி அளவிலான சிறிய டப்பாக்களாக வாங்குவது நல்லது. ஒருமுறை திறந்தால் நம் ஊர்க் காற்றின் ஈரமே மீதியைக் கெட்டியாக்கிவிடும். மூடியின் விளிம்பில் பெயின்ட் பட்டிருந்தால் பிறகு திறக்கவும் முடியாது. தேவையானதை வேறு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, விளிம்பைத் துடைத்து, பிளாஸ்டிக் தாளை வைத்து டப்பாவை உடனே மூடிவிடுங்கள். கிண்ணத்தில் மிஞ்சியதைத் திரும்ப டப்பாவில் ஊற்ற வேண்டாம்.