குரூசிபிள் அரங்கில் உலக ஸ்னூக்கர் சாம்பியன்ஷிப்: பார்வையாளர் நோக்கில் ஒரு மதிப்பீடு

ஏப்ரல் மாதத்தின் நடுவில் தொடங்கி மே மாத முதல் திங்கட்கிழமையில், அதாவது இங்கிலாந்தின் பொது விடுமுறை நாளன்று, முடிவடையும் உலக ஸ்னூக்கர் சாம்பியன்ஷிப் பதினேழு நாள் நடைபெறும் போட்டி. ஷெஃபீல்டு நகரின் குரூசிபிள் நாடக அரங்கில் 1977 முதல் ஆண்டுதோறும் நடந்துவரும் இந்தப் போட்டியைப் பற்றி ஆட்டக்காரர்களின் பார்வையில் ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. பணம் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கிறவருக்கு இது என்ன தருகிறது, எந்தச் சுற்றுக்குப் போனால் கொடுத்த பணத்துக்குப் பயன் கிடைக்கும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஒரே பெயரில் இங்கே விற்கப்படுபவை உண்மையில் இரண்டு வேறு காட்சிகள். முதல் பன்னிரண்டு நாள் ஒன்று, கடைசி ஐந்து நாள் மற்றொன்று. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

முதலில் அரங்கு. 1971இல் நாடகத்துக்கென்றே கட்டப்பட்ட குரூசிபிளில் மேடை பார்வையாளர்களின் நடுவே நீண்டிருக்கும். இருக்கைகள் மூன்று பக்கமும் அதைச் சூழ்ந்து செங்குத்தாக ஏறிச் செல்லும். மொத்த இருக்கைகள் 980 மட்டுமே. பன்னிரண்டு அடி நீளமுள்ள மேசையில், வெள்ளைப் பந்தால் வண்ணப் பந்துகளை அடித்துக் குழியில் தள்ளும் இந்த ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பைப் புதிதாக வரைந்தாலும் உருவாக்கிவிட முடியுமா என்பது சந்தேகமே. கடைசி வரிசையிலிருந்துகூட ஆட்டக்காரர் எந்த நிறத்தைக் குறிவைக்கிறார் என்பதும், வெள்ளைப் பந்து எங்கே வந்து நிற்கப் போகிறது என்பதும் தெரியும். அதுவரை ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த போட்டி (1975இல் ஆஸ்திரேலியாவுக்கே போய்விட்டது) இங்கே வந்து நிலைத்ததற்கு, அமைப்பாளர் மைக் வாட்டர்சனின் மனைவி இந்த அரங்கில் ஒரு நாடகம் பார்த்துவிட்டு வந்து கணவரிடம் சொன்னதே காரணம்.

இந்த நெருக்கத்துக்கு ஒரு விலை உண்டு. இங்கே இருமல்கூடப் பொதுச் செய்தியாகிவிடும். ஆட்டக்காரர் குனிந்து க்யூவை (பந்தை அடிக்கும் கோலை) நீட்டியதும் 980 பேரும் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். கைப்பேசி ஒலித்தால் நடுவரின் கண்டிப்பு முழு அரங்குக்கும் கேட்கும். காதில் செருகிக்கொள்ளும் சிறு கருவி ஒன்றின் வழியாக வர்ணனையைக் கேட்கும் வசதி உண்டு. ஆட்டத்துக்குப் புதியவர் அதைத் தயங்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பேன். பந்தைக் குழியில் தள்ளாமல் எதிராளியைச் சிக்கவைப்பதற்காகவே ஆடப்படும் சேஃப்டி ஆட்டத்தின் நுட்பம், விளக்குவோர் இல்லாவிட்டால் முதல்முறை பார்ப்பவருக்கு வெறும் காலவிரயமாகவே தோன்றும்.

இனி அந்த இரண்டு காட்சிகள். காலிறுதி முடியும்வரை மேடையில் இரண்டு மேசைகள் போடப்பட்டு, நடுவே ஒரு தடுப்புத் திரை இறக்கப்பட்டிருக்கும். எந்த மேசைக்கு என்று குறிப்பிட்டே சீட்டு விற்கப்படுகிறது. ஓரத்து இருக்கை கிடைத்தவருக்கு அடுத்த மேசையில் நடப்பது கண்ணில் படாது. ஆனால் காதில் விழும். நீங்கள் பார்க்கும் மேசையில் இரண்டு பேர் பழுப்புப் பந்தைச் சுற்றி மெல்லக் காய் நகர்த்திக்கொண்டிருக்கையில், திரைக்கு அப்பால் யாரோ தவறவிடாமல் தொடர்ந்து ஆடி நூறு புள்ளிகளைத் தாண்டியதற்குக் கைதட்டல் வெடிக்கும். குனிந்திருந்த ஆட்டக்காரர் நிமிர்ந்து, ஒலி அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி குனிவார். ஆட்டத்தின் ஓட்டம் இப்படித் துண்டுபடுவது எனக்கு ஒவ்வாத விஷயம். இதையே குரூசிபிளின் தனிச்சுவை என்று ரசிப்பவர்களும் உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. தவிர, இரண்டு மேசைகளையும் தொலைக்காட்சிக் கருவிகளையும் அந்தச் சிறு மேடையில் அடைத்த பிறகு ஆட்டக்காரர்கள் நடமாடுவதற்கு எஞ்சும் இடம் மிகவும் குறுகல். அரையிறுதி தொடங்கும்போது திரை மேலேறி, ஒற்றை மேசை நடுவில் வந்து நிற்கிறது. அரங்கு கட்டப்பட்டதன் நோக்கம் அப்போதுதான் நிறைவேறுகிறது.

ஆட்டத்தின் நீளத்தைப் பலர் குறையாகச் சொல்வார்கள். முதல் சுற்றில் பத்து ஃபிரேம்களையும் (பந்துகளைப் புதிதாக அடுக்கித் தொடங்கும் ஒவ்வொரு தனி ஆட்டமும் ஒரு ஃபிரேம்), இரண்டாம் சுற்றிலும் காலிறுதியிலும் பதின்மூன்றையும், அரையிறுதியில் பதினேழையும், இறுதியாட்டத்தில் பதினெட்டையும் யார் முதலில் எடுக்கிறாரோ அவரே வெற்றியாளர். இறுதியாட்டம் இரண்டு நாளில் நான்கு அமர்வுகளாகப் பரவுகிறது. வேறு எந்தத் தரவரிசைப் போட்டியிலும் இத்தனை நீளம் கிடையாது. இந்தப் போட்டியின் உயிரே இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. 1992 இறுதியாட்டத்தில் ஜிம்மி ஒயிட் 14-8 என்று முன்னிலையில் இருந்தார். அதன் பிறகு ஸ்டீபன் ஹென்ட்ரி தொடர்ந்து பத்து ஃபிரேம்களை வென்று 18-14 என முடித்தார். குறுகிய ஆட்டமாக இருந்திருந்தால் ஒயிட் அன்று உலக சாம்பியன். ஆறு முறை இறுதிக்கு வந்தும் பட்டம் கிடைக்காதவர் என்ற பெயர் அவருக்கு வந்திருக்காது. 1985இல் ஸ்டீவ் டேவிஸ் முதல் எட்டு ஃபிரேம்களையும் எடுத்துவிட்ட பிறகும் டெனிஸ் டெய்லர் விட்டுக்கொடுக்காமல் 17-17 வரை வந்து, கடைசி ஃபிரேமின் கடைசிக் கறுப்புப் பந்தில் வென்றதை, நள்ளிரவைத் தாண்டி விழித்திருந்து பிரிட்டனில் 1 கோடியே 85 லட்சம் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அந்த ஆட்டத்தில் டெய்லர் முன்னிலை பெற்ற ஒரே தருணம் அதன் முடிவுதான்.

நீளத்தால் வரும் சோர்வும் உண்மையே. 2022இல் மார்க் செல்பிக்கும் யான் பிங்தாவோவுக்கும் நடந்த ஆட்டத்தில் ஒரே ஒரு ஃபிரேம் 85 நிமிடம் நீடித்தது. (அதே ஆட்டத்தின் இடையே ஒரு புறா பறந்து வந்து மேசைமேல் உட்கார்ந்தது. பார்வையாளர்களுக்கு அதுவும் ஓர் ஆறுதலாக இருந்திருக்கும்.)

சீட்டு வாங்குகிறவர் உண்மையில் அஞ்ச வேண்டியது நீளத்தை அல்ல. ஆட்டம் எதிர்பாராமல் சீக்கிரம் முடிந்துவிடுவதை. 1989இல் டேவிஸ் 18-3 என்றும், 1993இல் ஹென்ட்ரி 18-5 என்றும் வென்றபோது, இறுதியாட்டத்தின் கடைசி அமர்வுக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. 2025 அரையிறுதியில் ஜாவோ ஷின்டோங் 17-7 என்று ரோனி ஓ'சல்லிவனை வீழ்த்தியபோதும் நான்காவது அமர்வு நடக்கவில்லை. ஆகவே சீட்டுக்கு முயலும் முன் சிறிது கணக்குப் போட வேண்டும். இறுதியாட்டத்தின் முதல் நாளில் எட்டும் ஒன்பதுமாக 17 ஃபிரேம்கள் ஆடப்படுகின்றன. வெற்றிக்குப் 18 தேவை என்பதால் ஞாயிற்றுக்கிழமையின் இரண்டு அமர்வுகளும் எப்படியும் முழுமையாக நடக்கும். அரையிறுதியின் முதல் இரண்டு அமர்வுகளிலும் சேர்த்து 16 ஃபிரேம்களே என்பதால் அவற்றுக்கும் இதே உறுதி உண்டு. இரண்டாம் சுற்றிலும் காலிறுதியிலும் முதல் அமர்வுக்கு மட்டுமே இந்த உறுதியைச் சொல்ல முடியும். 13-3 என்று இரண்டாவது அமர்விலேயே ஆட்டம் முடிந்துவிட இடமிருக்கிறது.

அரங்கின் வசதிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கட்டடம் பழையது, இடைவேளைகளில் முன்கூடம் நெரிசலாகிவிடும், கால் நீட்டிக்கொள்ள இடம் போதாது. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம் என்பதும், எதிரிலேயே கண்ணாடிக் கூரையிட்ட விண்டர் கார்டன் இருப்பதும் நல்லவை. 2023இல் ஒரு போராட்டக்காரர் மேசைமேல் ஏறி ஆரஞ்சு நிறப் பொடியைக் கொட்டியதால் ராபர்ட் மில்கின்ஸ், ஜோ பெர்ரி ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டதை நினைவில் கொண்டு, நுழைவாயில் சோதனைக்கும் சற்று நேரம் ஒதுக்கிக்கொள்வது நல்லது.

இடப்பற்றாக்குறை காரணமாகப் போட்டியை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்ற குரல் பல ஆண்டுகளாக எழுந்துவருகிறது. இன்னும் பெரிய அரங்கு வேண்டும் என்று அமைப்பாளர் பேரி ஹெர்ன் சொல்லியிருக்கிறார். 2024இல் ஈரான் ஆட்டக்காரர் ஹொசைன் வஃபாயி அரங்கின் பழமையை முகத்துக்கு நேராகவே குறை கூறினார். பரிசுத்தொகை மட்டும் 23 லட்சம் பவுண்டுக்கு மேல் வழங்கப்படும், சாம்பியனுக்கே 5 லட்சம் பவுண்டு கிடைக்கும் போட்டிக்கு 980 இருக்கைகள் வணிக நோக்கில் போதவே போதாது என்பது நியாயமான வாதம். சீனாவில் இந்த ஆட்டம் பெற்றிருக்கும் வளர்ச்சியைப் பார்த்தாலும் அந்த வாதத்துக்கு வலுக் கூடுகிறது. 2025இல் பட்டம் வென்ற ஜாவோ ஷின்டோங் சீனாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்த முதல் உலக சாம்பியன். சூதாட்ட முறைகேடு தொடர்பாக 20 மாதத் தடையை அனுபவித்துவிட்டு, தொழில்முறைத் தகுதிகூட இல்லாத நிலையில், தகுதிச் சுற்றுகளைத் தாண்டி வந்தவர். ஆட்டம் எங்கோ பிறந்து எங்கோ வளர்வதும் புதிதல்ல. 1875இல் ஜபல்பூரின் ராணுவ முகாமில் உருவாகி, 1882இல் நம் ஊட்டியின் கிளப்பில் விதிகள் எழுதப்பட்டு, அதன் பிறகு இங்கிலாந்துக்குப் போன விளையாட்டுதான் இது. ஆனாலும் பார்வையாளராக நான் கேட்பது ஒன்றுதான்: பத்தாயிரம் பேர் உட்காரும் இடத்தில் பின்வரிசைக்காரர் மேசையைப் பார்ப்பாரா, தொங்கும் திரையைப் பார்ப்பாரா? திரையைப் பார்க்க வேண்டுமானால் வீட்டிலேயே இருக்கலாம்.

முதல் சுற்றின் விறுவிறுப்பை விரும்புவோர் குரூசிபிளுக்குப் பதிலாக, அதே ஷெஃபீல்டில் போட்டிக்கு முன்னதாக நடக்கும் தகுதிச் சுற்றுகளை முயன்று பார்க்கலாம். உலகத் தரவரிசையின் முதல் பதினாறு பேர் நேரடியாக நுழைந்துவிட, மீதமுள்ள பதினாறு இடங்களுக்கு மற்ற அனைவரும் அங்கே மோதுகிறார்கள். இரண்டு மேசைகளைத் திரை பிரிக்கிறது என்று குரூசிபிளில் குறைபட்டுக்கொள்ளும் என் போன்றவர் அங்கே இன்னும் பல மேசைகளைச் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆனால் பிழைப்புக்காக ஆடுகிறவர்களின் பதற்றத்தை அத்தனை அருகில் வேறெங்கும் காண முடியாது.

ஒரே ஓர் அமர்வுக்குத்தான் வசதி உண்டு என்பவர் இறுதியாட்டத்துக்காக முட்டிமோத வேண்டாம். அரையிறுதிகளின் இரண்டாவது அமர்வுகள் நடக்கும் வெள்ளிக்கிழமைக்கு முயலுங்கள். ஒற்றை மேசை, உறுதியான எட்டு ஃபிரேம்கள், யார் பக்கம் சாயும் என்று தெரியாத ஆட்டம் ஆகிய மூன்றும் அங்கே சேர்ந்து கிடைக்கின்றன. 2025இல் 4-4 என்றிருந்த ஓ'சல்லிவன் ஆட்டம் ஜாவோவுக்குச் சாதகமாக 12-4 என்று மாறியது அப்படியொரு வெள்ளிக்கிழமை அமர்வில்தான். இறுதியாட்டமே வேண்டும் என்றால் ஞாயிறு மாலைச் சீட்டை வாங்குங்கள். திங்கள் மாலைச் சீட்டு அதிர்ஷ்டத்தை நம்புகிறவர்களுக்கு உரியது.