லெஸ்லியா, நேதனா? பழைய ரயில் ஹாரனை மறுபடி ஊதவைக்க எது தோது

பழைய டீசல் இன்ஜினிலிருந்து கழற்றிய ஹாரனை வாங்க ஆசைப்படுபவர்கள் எடுத்ததும் கேட்பது, "மூணு குழலா, அஞ்சு குழலா?" என்றுதான். அதை அப்புறம் கேட்கலாம். முதலில் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு குழலின் பின்பக்கமும் டயாஃப்ரம் உட்காரும் விளிம்பு சேதமில்லாமல் இருக்கிறதா என்பதை. அந்த மெல்லிய உலோகத் தகடு விளிம்பில் படிந்து உட்கார்ந்திருக்கும். அழுத்தக் காற்று சுற்றிலும் நிரம்பித் தகட்டைத் தூக்கும்; காற்று குழலுக்குள் பாயும்; அழுத்தம் குறைந்ததும் தகடு திரும்ப வந்து உட்காரும். நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை இது நடப்பதுதான் சத்தம். விளிம்பில் ஒரு வெட்டு இருந்தால் போதும், காற்று ஒழுகும், குழல் ஊமையாகும். நசுங்கிய குழல் வாய்கூட அவ்வளவு மோசமில்லை.

அமெரிக்க, கனடிய இன்ஜின்களிலிருந்து வரும் ஹாரன்களில் அடிக்கடி கண்ணில் படுபவை லெஸ்லி, நேதன் என்ற இரண்டு கம்பெனிகளின் தயாரிப்புகள். லெஸ்லியின் எஸ்-3எல், ஆர்எஸ்-3எல். நேதனின் பி3, பி5. நேதனின் கே3எல்ஏ, கே5எல்ஏ. இந்த மூன்று குடும்பங்களைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அடையாளம். வார்ப்பில் பெயரும் குழல் எண்ணும் புடைப்பாக இருக்கும். ஆனால் பல அடுக்குப் பெயின்ட் அதை மூடியிருக்கும், யாராவது குழல்களை மாற்றியும் பூட்டியிருக்கலாம். அதனால் நான் நம்புவது சுருதியைத்தான். மிக நீளமான குழலை மட்டும் ஊதி, போனில் உள்ள ட்யூனர் செயலியில் அளந்து பாருங்கள். முழுசாக இருக்கும் செட்டில் அது 255 ஹெர்ட்ஸ் பக்கம் வந்தால் லெஸ்லி, 277 என்றால் நேதன் பி, 311 என்றால் நேதன் கே. லெஸ்லியின் குழல் எண்களே கிட்டத்தட்ட சுருதியைச் சொல்லிவிடும்: 25, 31, 44 என்று பொறித்த குழல்கள் 255, 311, 440 ஹெர்ட்ஸில் ஊதும். நேதனில் பெயரை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். கே5எல்ஏ என்றால் கே வரிசை, ஐந்து குழல், உயரம் குறைந்த மேனிஃபோல்டு (குழல்களைத் தாங்கி, அவற்றுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் அடிப்பாகம்), அமெரிக்கச் சுருதி. கடைசியில் ஆர்24 என்று ஒட்டிக்கொண்டிருந்தால் இரண்டாவது குழலும் நான்காவது குழலும் பின்பக்கம் பார்த்தபடி பூட்டியிருக்கும்.

சத்தத்தில் மூன்றும் மூன்று மாதிரி. டீசல் இன்ஜின்கள் வந்த புதிதில் ஒற்றைச் சுர ஹாரன்தான் இருந்தது. கேட்டவர்கள் லாரி என்று நினைத்து லெவல் கிராசிங்கில் மாட்டிக்கொண்டார்கள். நீராவி விசில் மாதிரி பல சுரங்கள் சேர்ந்து ஒலித்தால்தான் ரயில் என்று தெரியும் என்று கனடாவின் ராபர்ட் ஸ்வான்சன் இறங்கி வேலை செய்தார். நேதன் ஏர்சைம் ஹாரன்கள் அவர் வழியில் வந்தவை. கே3எல்ஏ-வில் மேற்கத்திய சுரங்களான டி ஷார்ப், எஃப் ஷார்ப், பி சேர்ந்து சுத்தமான மேஜர் கார்டு, அதாவது இனிமையாக ஒத்துப்போகும் சுரக் கூட்டு. கே5எல்ஏ-வில் ஜி ஷார்ப் கூடி இன்னும் நிறைவாகும். அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் ரயில்களில் பெரும்பாலும் கேட்பது அதுதான். பி3-யும் மேஜர்தான், ஆனால் ஒரு முழு சுரம் தாழ்ந்து, கனத்த குரலில் வரும். லெஸ்லி வேறு ஜாதி. சி, டி ஷார்ப், ஏ சேர்ந்தால் காதுக்கு நிம்மதியே இருக்காது. எங்கோ போய்ச் சேர வேண்டிய அவசரம் அந்தக் கார்டிலேயே இருக்கிறது. எச்சரிக்கைக்கு அதைவிடப் பொருத்தமான ஒலி இல்லை என்பது என் கட்சி. ஆனால் தினமும் ஊதிக் கேட்க நான் கே-யைத்தான் எடுப்பேன்.

சரி, ரிப்பேர். இதில் கே வரிசைக்குத் தெளிவான முன்னிலை. இன்றும் புது இன்ஜின்களில் ஏறுவதால் டயாஃப்ரம், கேஸ்கெட் எல்லாம் கிடைக்கும். ஒவ்வொரு குழலையும் தனியாகக் கழற்றி, தனியாக ஊதிப் பார்த்துப் பூட்டலாம். லெஸ்லிக்கு நல்ல உதிரி தேடி அலைய வேண்டியிருக்கும். பி வரிசை இரண்டுக்கும் நடுவில்.

கழற்றுவதற்கு முன்னால் குழலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். குளவிக் கூடு கட்டியிருக்கும். ஊமை என்று ஒதுக்கிய பல ஹாரன்களுக்கு நோயே அதுதான். அடுத்த தொல்லை போல்ட். அலுமினிய வார்ப்பில் எஃகு போல்ட் பல வருஷம் இருந்தால் வெள்ளையாகப் பூத்து இறுகிவிடும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள், பிறகு வார்ப்பைச் சூடுகாட்டி, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஸ்பேனரில் பைப் மாட்டி முறுக்கினால் தலை கையோடு வந்துவிடும். பழைய ரயில்வே பெயின்டில் ஈயம் இருக்கலாம், உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது.

விளிம்பில் லேசான கீறல் இருந்தால், விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும் வார்ப்பானால், தட்டையான கண்ணாடி மேல் நைசான நீர் உப்புத்தாளை விரித்து, குழலை நேராகப் பிடித்து, எட்டு போடுவது போல மெதுவாகத் தேய்க்கலாம். ஒரு பக்கம் அதிகம் போனால் சரிசெய்வது கடினம், அதனால் அடிக்கடி நிறுத்திப் பாருங்கள். டயாஃப்ரத்தில் முடி மாதிரி விரிசல் இருந்தாலும் தூக்கிப்போட வேண்டியதுதான். திரும்பப் பூட்டும்போது போல்ட்களை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

குழல் எண்ணிக்கையை இப்போது பேசலாம், ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது உங்கள் காற்று. இன்ஜினின் மெயின் ரிசர்வாயரில், அதாவது முக்கியக் காற்று டேங்கில், 130 முதல் 140 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) அழுத்தம் இருக்கும், டேங்கும் பெரிது. பட்டறைக் கம்ப்ரெஸரை நேரடியாக மாட்டினால் ஐந்து குழலும் அரைகுறையாகக் கத்திவிட்டு அடங்கும். கம்ப்ரெஸரின் வேகத்தைவிட டேங்கின் கொள்ளளவும் குழாயின் விட்டமும் முக்கியம். கால் அங்குலக் குழாயில் எந்த ஹாரனும் மூச்சுத் திணறும். சின்ன டேங்க் என்றால் மூன்று குழலோடு நிறுத்துங்கள். நன்றாக ஊதும் கே3எல்ஏ, திக்கித் திணறும் கே5எல்ஏ-வைவிட எவ்வளவோ மேல்.

மறுபயனில் வாகனத்தில் மாட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அமெரிக்க விதிப்படி இன்ஜினுக்கு முன்னால் 100 அடியில் 96 முதல் 110 டெசிபல் வரை இருக்க வேண்டும். 10 அடிக்கு வந்தால் அதோடு இன்னும் சுமார் 20 கூடும். பக்கத்தில் நடந்து போகிறவரின் காதை நிரந்தரமாகக் கெடுக்க அது போதும். ஊதிப் பார்க்கும் நீங்களும் காதடைப்பு இல்லாமல் நிற்காதீர்கள். வான்கூவரில் ஸ்வான்சன் 1967-ல் கனடா நூற்றாண்டுக்காக அமைத்த ஹாரன்கள் இன்றும் நண்பகலில் நாட்டுப் பண்ணின் முதல் நான்கு சுரங்களை ஊதுகின்றன. பொது இடத்தில் ரயில் ஹாரன் மாதிரி ஒன்றுக்கு அதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது. பாரம்பரிய ரயில்வேக்கும் கொடுக்கலாம். வீட்டில் வைக்கப் போகிறீர்கள் என்றால் ரெகுலேட்டர் வைத்து அழுத்தத்தை நன்றாகக் குறைத்து ஊதுங்கள். சுருதி கேட்கும், அக்கம்பக்கம் எழுந்து வராது.

மேசை விளக்காக்குகிறவர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். ஒயர் விடுவதற்காக நல்ல குழலின் விளிம்புப் பக்கம் ட்ரில் போட்டால் அது இனி எந்தக் காலத்திலும் ஊதாது. விளக்குக்கு விரிசல் விட்ட குழலைத் தேடி எடுங்கள். அது மலிவாகவும் கிடைக்கும். எதை வாங்கினாலும் விற்றதற்கான சீட்டு கேட்டு வாங்குங்கள். ஓடும் இன்ஜின்களிலிருந்தே ஹாரனைத் திருடி விற்பவர்கள் இருக்கிறார்கள்.