வெள்ளவத்தையில் ஒருநாள் சேர்க்ளிங் தரைவகுப்பு: டைப் ரேட்டிங்குக்குப் போகிறவர்களுக்கு

டைப் ரேட்டிங்குக்காக, அதாவது ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதிக்காக, வெளிநாடு போகவிருக்கும் விமானிகளுக்குத் தமிழில் நடக்கும் வகுப்பு இது. காலை தொடங்கி மாலை வரை ஒரே விடயம்தான்: சேர்க்ளிங் அப்ரோச். அதாவது கருவிகளைக் கொண்டு ஒரு முனையை அணுகி, பிறகு ஓடுபாதையைக் கண்ணால் பார்த்தபடி சுற்றி வந்து வேறு முனையில் இறங்குவது. கொடுக்கும் காசுக்குத் தகும். ஆனால் இரண்டு குறைகள் உண்டு. அதில் ஒன்று பாரதூரமானது.

முதல் ஒரு மணி நேரம் அமெரிக்க ரேட்டிங்கில் வரும் அந்த ஒற்றை வரிக்கே போகிறது. செக்ரைடில் (பறப்புப் பரீட்சையில்) சேர்க்ளிங் செய்து காட்டாதவரின் எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) சான்றிதழில் 'சேர்க்ளிங் அப்ரோச் விஎம்சி ஒன்லி' என்று அச்சிட்டுக் கொடுப்பார்கள். விஎம்சி என்றால் கண்ணால் பார்த்துப் பறக்கும் வானிலை: முகில்தளம் 1000 அடி, பார்வைத்தூரம் 3 மைல் இருந்தால் மட்டுமே அவர் சுற்றி இறங்கலாம். அமெரிக்க விமான நிறுவனங்கள் பல இந்தப் பயிற்சியையே கொடுப்பதில்லை. அங்கே வேலை செய்கிறவருக்கு அந்த வரியால் பெரிய நட்டமில்லை. ஆசியாவில் பறக்கப்போகிறவருக்கு நிலைமை வேறு. பல இடங்களில் ஒரு முனைக்கு மட்டும்தான் நேரான அப்ரோச் இருக்கும், காற்று மறுமுனையைக் கேட்கும். தென்மேல் பருவத்தில் 700 அடியில் முகில் நிற்கும்போது அந்த வரி உள்ளவர் மாற்று விமான நிலையத்துக்குத்தான் போகவேண்டும். மலிவான பொதிகளில் முதலில் வெட்டுப்படுவது இந்த அமர்வுதான் என்பதை வகுப்பில் ஒளிக்காமல் சொல்கிறார்கள். நல்ல விடயம்.

வகுப்பின் உயிர் அடுத்த பகுதியில் இருக்கிறது. ஒரே விமானம், ஒரே ஓடுபாதை, இரண்டு விதிநூல். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐக்காவோவின் பான்ஸ்-ஆப்ஸ் முறையில் சி வகுப்பு விமானத்துக்குச் (வகுப்பைப் பிரிப்பது அப்ரோச் வேகம்) சேர்க்ளிங் உச்ச வேகம் 180 நொட் (மணிக்குக் கடல்மைல்), தடைகளில் மோதாதபடி பாதுகாக்கப்பட்ட வட்டத்தின் ஆரை 4.2 கடல்மைல். டி வகுப்புக்கு 205 நொட், 5.28 கடல்மைல். அமெரிக்க விதிநூலான டேர்ப்ஸ் முறையின் பழைய அப்ரோச் அட்டைகளில் சி வகுப்புக்குக் கிடைப்பது வெறும் 1.7 கடல்மைல். கறுப்புப் பெட்டிக்குள் வெள்ளை 'சி' குறி போட்ட அட்டைகளில் அது தாழ்வான நிலையங்களில் 2.7 ஆகிறது. ஏன் இவ்வளவு வித்தியாசம்? டேர்ப்ஸின் பழைய கணக்கு எடுக்கும் வேகம் குறைவு. வளைவின் ஆரை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 180 நொட்டில், 20 பாகைச் சரிவில், காற்றே இல்லாமல் வளைந்தாலும் ஏறத்தாழ 1.3 கடல்மைல் ஆரை வேண்டும். அதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டும்போது 1.7 எவ்வளவு இறுக்கமானது என்று எவருக்கும் உறைக்கும். இரத்மலானையில் செஸ்னாவில் சுற்றிப் பழகிய கை அந்த வட்டத்தை மறந்தே ஆகவேண்டும்.

இரண்டு விபத்துகளை எடுத்துக் காட்டுகிறார்கள். 2002 ஏப்ரல் 15, தென்கொரியாவின் கிம்ஹே: எயார் சைனாவின் போயிங் 767 ஓடுபாதையைச் சுற்றி வரும்போது இறுதிப்பாதைக்குத் திருப்பும் அடிவளைவைத் தாமதமாக எடுத்து மலையில் மோதியது, 129 பேர் பலி. 2010 ஜூலை 28, இஸ்லாமாபாத்: எயார்புளூவின் ஏ321 வட்டத்தை விட்டு வெளியே போய் மார்கல்லா குன்றில் மோதியது, 152 பேரில் ஒருவரும் தப்பவில்லை. தரை எச்சரிக்கைக் கருவி திரும்பத் திரும்பக் கத்தியும் பலன் இல்லை. இரண்டையும் வெறும் கதையாகச் சொல்லாமல், வட்டத்தின் விளிம்பு எங்கே, விமானம் எங்கே என்று வரைந்து விளக்குவது மிகச் சிறப்பு.

ஏ320 செய்முறையும் தெளிவு. இறங்குமுன்னரே பறப்புக் கணினியின் இரண்டாவது பறப்புத் திட்டத்தில் இறங்கும் ஓடுபாதையைப் போட்டு வைக்கவேண்டும். கியர் (சில்லுகள்) கீழே, ஃப்ளப் (இறக்கை மடல்) 3, எஃப் வேகம் (அந்த மடல் நிலைக்குத் திரை காட்டும் வேகம்). குறைந்தபட்ச உயரத்தில் மட்டமாக்கி, ஓடுபாதை தெரிந்ததும் 45 பாகை விலகி, இறக்கை மட்டமானதிலிருந்து 30 விநாடி. பிறகு டவுன்விண்ட், அதாவது இறங்கும் திசைக்கு எதிராக ஓடுபாதைக்குச் சமாந்தரமாகப் பறப்பது. ஓடுபாதை முனை நேர்பக்கம் வந்ததும் கடிகாரம், அது முடிந்ததும் அடிவளைவு: 100 அடி உயரத்துக்கு 3 விநாடி, அதாவது 600 அடியில் 18 விநாடி. பின்காற்று இருந்தால் அதைக் குறைக்கவேண்டும். குறைக்காதவர்தான் ஓடுபாதை முனையிலிருந்து தூரம் ஓடி, வட்டத்தின் விளிம்பைத் தாண்டுகிறார். செக்ரைடில் உயரத்துக்குக் கிடைக்கும் சலுகை மேலே 100 அடி, கீழே சுழியம்.

இனிக் குறை. கோ-அரவுண்டுக்கு, அதாவது இறங்காமல் மீண்டும் ஏறுவதற்கு, பத்து நிமிடம்கூட ஒதுக்கவில்லை. கண்பார்வை அறுந்தவுடன் செய்யவேண்டியது ஒன்றே: ஏறிக்கொண்டே இறங்கும் ஓடுபாதைப் பக்கம் திரும்பி, முதலில் பறந்த கருவி அப்ரோச்சின் மிஸ்ட் அப்ரோச்சில் (இறங்க முடியாதபோது ஏறிப் போகும் பாதையில்) சேர்வது. டவுன்விண்டிலிருந்து நேரே ஏறினால் வட்டத்துக்கு வெளியே போய்விடுவோம். அதைவிட நுணுக்கமான பொறி ஒன்று இருக்கிறது: டவுன்விண்டில் இரண்டாவது திட்டத்தை இயக்கியதும் திரையிலிருந்து பழைய மிஸ்ட் அப்ரோச் போய்விடும். எனவே திசையையும் உயரத்தையும் மனத்திலும் அட்டையிலும் வைத்திருந்து, ஹெடிங்கில் (திசைப் பாகையை நாமே கொடுத்து) பறக்கவேண்டும். கைநூலில் இதற்கு ஒரு படம்கூட இல்லை. இந்தப் பாடத்தில் உயிர் தங்கியிருப்பதே இங்கேதான், திருத்தியே ஆகவேண்டும்.

இரண்டாவது குறை சிறியது. சிமுலேட்டர் நிலையத்திடம் என்ன கேட்கவேண்டும் என்று மாணவருக்குச் சொல்லி அனுப்புவதில்லை. காசு கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள். அந்த சிமுலேட்டருக்குச் சேர்க்ளிங் அனுமதி எழுத்தில் உள்ளதா? காட்சித்திரை கிடையாக 180 பாகையாவது விரிகிறதா? குறைவாக இருந்தால் ஓடுபாதை பக்கவாட்டுக்கு வருமுன்பே கண்ணிலிருந்து மறைந்துவிடும், பயிற்சி வெறும் கடிகாரக் கணக்காகும். இடப்பக்கமும் வலப்பக்கமும் இரண்டு சுற்றும் தருவார்களா? இடது ஆசனத்தில் இருப்பவருக்கு வலப்பக்கச் சுற்றில் ஓடுபாதையை மற்றவர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். அந்தப் பேச்சு ஒழுங்கைத் தனியே பழகவேண்டும். அமெரிக்க ரேட்டிங்கோடு திரும்பி வரப்போகிறவர், அந்த வரி இலங்கை அனுமதிப்பத்திரத்தில் எப்படிப் பதியப்படும் என்பதையும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.