மஞ்சள் மண்டியில் தடுமாறும் கேமரா செயலி

தனியுரிமையை முன்னிறுத்தும் மாற்று ஆண்ட்ராய்டு இயங்குதளம் ஒன்றை என் கைப்பேசியில் நிறுவி நான்கு மாதங்கள் ஆகின்றன; அதனுடன் வரும் கேமரா செயலிதான் என்னை மிகவும் வருத்துகிறது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விரலி மஞ்சள் மாதிரிகளைப் படமெடுத்து வாங்குவோருக்கு அனுப்புவது என் அன்றாட வேலை. செயலி திறக்கவே நான்கைந்து நொடிகள் ஆகின்றன. பொத்தானை அழுத்திப் படம் பதிவாவதற்குள் கை அசைந்துவிடுகிறது. கிடங்கின் மங்கிய வெளிச்சத்திலோ, விலையைத் தீர்மானிக்கும் நிறமும் மெருகும் வெறும் புள்ளிகளாகச் சிதைந்து தெரிகின்றன.

கைப்பேசி நிறுவனங்களின் சொந்தச் செயலிகள் நொடிப்பொழுதில் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, புள்ளிகளைக் குறைத்து ஒரே படமாக்குகின்றன. அந்த மென்பொருள் பெரும்பாலும் அவர்களின் தனியுடைமை என்பதால், இதுபோன்ற திறந்த மூலச் செயலிக்கு (நிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்திருப்பது) ஆண்ட்ராய்டு பொதுவாகத் திறந்துவிடும் வசதிகளே மிஞ்சுகின்றன. லென்ஸில் குறையில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

நான் கேட்காமல் படத்தில் இருப்பிடத் தகவலைச் சேர்க்காதது இச்செயலியின் பெரிய நற்குணம். அதற்காகவே இந்த இயங்குதளத்தை விட மனம் வரவில்லை. சென்ற வாரம் கைப்பேசி நிறுவனத்தின் கேமரா செயலியையே நிறுவி, அதற்கு இணைய அனுமதியை மட்டும் மறுத்துப் பார்த்தேன். அதே கிடங்கில், அதே மூட்டையருகே, விரலியின் கணுக்கள்கூடத் தெளிவாக விழுந்தன.