பொங்கல் லீவில் ஆஸ்பத்திரி: கூட இருந்தவர் போடும் மார்க்

மதுரையில் ஒரு நடுத்தரத் தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். இந்த ஊரில் அந்த அளவுள்ள எந்த ஆஸ்பத்திரிக்கும் நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி பொருந்தும். டாக்டருக்கு மார்க் போடும் தகுதி எனக்கு இல்லை. அட்டெண்டர் பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பண்டிகை முழுக்க அங்கேயே கிடந்தவள் என்ற முறையில்தான் எழுதுகிறேன்.

போகிக்குப் பரணை ஒழிக்கிறேன் என்று ஸ்டூலில் ஏறிய அம்மா, பித்தளைத் தவலையோடு சேர்ந்து கீழே வந்துவிட்டார். வயது 74, சர்க்கரை உண்டு. இடது இடுப்பெலும்பு முறிவு. இந்த வயதில் இதற்கு 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது என்பார்கள். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், காலில் ரத்தம் உறையும். லீவு முடியட்டும் என்று சொல்லிவிடுவார்களோ என்பதுதான் என் பயம். அப்படி நடக்கவில்லை. பொங்கலன்று காலையிலேயே தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்து ஜல்லிக்கட்டு இருக்கும் ஊரில் எலும்பு டாக்டர் பொங்கலுக்கு லீவு எடுத்தால் எப்படி? காயம்பட்டவர்கள் பெரும்பாலும் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போவார்கள் என்றாலும், இங்கேயும் ஆள் தயாராகவே இருந்தது. தியேட்டர் வாசலில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது எதிரே டிவியில் அவனியாபுரம் நேரலை. அந்த நிலைமையிலும் என் தம்பி, "மாடு ஜெயிச்சிருச்சுக்கா" என்றான்.

நர்ஸ்களுக்கு முழு மார்க். லீவு நாள் என்பதால் ஆள் குறைவு. எங்கள் மாடிக்கு ராத்திரியில் இரண்டே சிஸ்டர்கள். அவர்களில் தேனிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, ரத்தம் கட்டாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசியை அம்மாவிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே போட்டுவிட்டுப் போய்விடும். நர்ஸ் ஸ்டேஷன் முன்னால் சின்னதாகப் பானைக் கோலம் போட்டிருந்தார்கள். மறுநாள் பிசியோதெரபிஸ்ட் வர மதியமாகிவிட்டது, கட்டிடம் முழுக்க அவர் ஒருவர்தான். வந்தவர் அவசரப்படவில்லை. வாக்கரைப் பிடிக்கவைத்து, கட்டிலில் இருந்து ஜன்னல் வரை நடக்கவைத்து, மூச்சு வாங்கியதும் உட்காரவைத்துவிட்டுத்தான் அடுத்த ரூமுக்குப் போனார்.

கிச்சனுக்குப் பாஸ் மார்க்கே கஷ்டம். டயட்டீஷியன் லீவு. மாட்டுப்பொங்கல் காலை, சர்க்கரை நோயாளி என்று சீட்டு ஒட்டிய தட்டில் சர்க்கரைப் பொங்கல் வந்தது, மேலே நெய்யில் வறுத்த முந்திரியோடு. நிர்வாகம் எல்லா ரூமுக்கும் அன்போடு அனுப்பியதாம். சிஸ்டர் பார்த்துவிட்டுத் தட்டைத் தூக்கினார். "வச்சத எடுக்காதத்தா, நல்ல நாளும் அதுவுமா" என்று அம்மா தட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். ஆபரேஷன் ஆன உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. கடைசியில் ஒரு முந்திரிக்குப் பஞ்சாயத்து முடிந்தது. கூட இருப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். கேன்டீனில் மூன்று வேளையும் தயிர்சாதம், லெமன் சாதம். வெளியே ஹோட்டலும் கிடையாது. பண்டிகைக்கு முதல் நாளே பன், பிஸ்கட், பழம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தூங்குவதற்குக் கொடுக்கும் ரெக்சின் பெஞ்சைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. திரும்பிப் படுத்தால் தரையில் இருப்பீர்கள்.

கேட்டில் இருந்த செக்யூரிட்டி அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொந்தக்காரர்கள் கரும்பும் மஞ்சள் கொத்துமாக வந்து இறங்குகிறார்கள். வார்டுக்குள் விடக்கூடாது என்று உத்தரவு. "கரும்பு மேல போகாதுக்கா, நான் பார்த்துக்கிறேன்" என்று வாங்கி, ரூம் நம்பரை பிளாஸ்திரியில் எழுதி ஒட்டி, தன் நாற்காலிக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். சாயங்காலம் பார்த்தால் அங்கே ஒரு கரும்புத் தோட்டமே நின்றது. ஒன்றுகூட மாறிப்போகவில்லை. பில்லிங் செக்‌ஷனை இவரிடம் கொடுத்திருக்கலாம்.

ஏனென்றால் ஆஸ்பத்திரி கோட்டைவிட்டது அங்கேதான். 15, 16, 17 அரசு விடுமுறை, 18 ஞாயிறு. ஞாயிறு காலை ரவுண்ட்ஸில் டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். நாங்கள் ஆட்டோ ஏறியபோது மணி ராத்திரி எட்டேகால். இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்தது ஒரே ஒரு தம்பி. கேட்டபோதெல்லாம் "கம்பெனி அப்ரூவல் வரலைக்கா" என்றான். 2024 மே மாதம் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் போட்ட விதிப்படி, டிஸ்சார்ஜுக்கான கேஷ்லெஸ் (பில்லைக் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுவது) கோரிக்கை வந்த 3 மணி நேரத்துக்குள் கம்பெனி இறுதி அனுமதி கொடுத்தாக வேண்டும். அதற்கு மேல் தாமதித்து ஆஸ்பத்திரி கூடுதலாகக் கட்டணம் போட்டால் அதுவும் கம்பெனி தலையில்தான். அந்த தைரியத்தில் என் தம்பி கம்பெனிக்குப் போன் போட்டான். ஃபைல் தங்களுக்கு வந்ததே மாலை நாலரைக்குத்தான் என்றார்கள். மீதி நேரம் முழுக்க ஆஸ்பத்திரிக்குள்ளேயே போயிருக்கிறது: மிச்ச மருந்தை ஃபார்மசி திரும்ப எடுக்கவில்லை, டிஸ்சார்ஜ் சம்மரி டைப் அடிக்க ஆள் இல்லை. கோரிக்கை போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த 3 மணி நேரமே ஆரம்பிக்கிறது. முதல் நாள் சாயங்காலமே மருந்து ரிட்டர்னை முடித்து, சம்மரியைத் தயார் செய்யச் சொல்லி நச்சரியுங்கள். வெட்கப்படாதீர்கள்.

இன்னொன்று, ரூம் வாடகை. பொங்கலுக்குக் கூட்டம் குறைவு, டீலக்ஸ் காலியாக இருக்கிறது, மாறிக்கொள்ளுங்கள் என்று ஆசை காட்டினார்கள். பாலிசியில் ரூம் வாடகைக்கு உச்சவரம்பு இருந்தால் ஜாக்கிரதை. வரம்பைத் தாண்டினால் வாடகை வித்தியாசத்தோடு நிற்காது, பல பாலிசிகளில் சர்ஜன், தியேட்டர் கட்டணங்களிலும் அதே விகிதத்தில் கை வைப்பார்கள். மருந்து, உள்ளே வைக்கும் பிளேட், ஸ்கேன் செலவுகளில் அப்படிக் கழிக்கக்கூடாது. இன்சூரன்ஸ் டெஸ்க் தம்பியிடம் இதைச் சொன்னதும், பிறகு டீலக்ஸ் பேச்சை எடுக்கவே இல்லை.

தையல் பிரிக்கவும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறோம். டாக்டரையும் அந்தத் தேனிப் பெண்ணையும் விட்டுவிட்டு வேறெங்கே போவது? டோக்கன் மட்டும் செவ்வாய்க்கிழமைக்குப் போட்டிருக்கிறேன்.