யானையைக் கொடுத்தால் ஈடு எவ்வளவு? ஸ்டாக்ஃபிஷ் போடும் கணக்கும் லீலா போடும் கணக்கும்

1953, சூரிச் கேண்டிடேட்ஸ் போட்டி (உலக சாம்பியனுடன் மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி). ரெஷெவ்ஸ்கியின் வெள்ளைச் சிப்பாய்கள் டி4, இ5 கட்டங்களில் நின்று முன்னேறத் துடிக்கின்றன. 25-ஆவது நகர்த்தலில் பெட்ரோசியான் தன் யானையை இ6 கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். பிஷப் அதை வெட்டலாம். செக் இல்லை, மிரட்டல் இல்லை. யானை நின்ற இ7 காலியானது, அவ்வளவுதான். அந்த வழியாகக் குதிரை டி5-இல் வந்து உட்கார்ந்துவிட்டால் அதை விரட்ட வெள்ளையிடம் சிப்பாய் கிடையாது. ரெஷெவ்ஸ்கி வெட்டினார், சில நகர்த்தல்களுக்குள் தானும் ஒரு யானையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆட்டம் டிரா.

ஸ்டாக்ஃபிஷ், லீலா போன்ற ஒரு செஸ் எஞ்சினை, அதாவது செஸ் ஆடும் மென்பொருளைச் சோதிக்க, இத்தகைய நிலைகளைவிட நல்ல தேர்வுத்தாள் இல்லை. கொடுத்தது உடனே தெரிகிறது. வாங்கியது இருபது, முப்பது நகர்த்தல்களுக்கு அப்பால் இருக்கிறது.

பழைய ஸ்டாக்ஃபிஷின் மதிப்பீடு மளிகைக் கடைச் சீட்டு மாதிரி. யானைக்கு இவ்வளவு, பிஷப்புக்கு இவ்வளவு, நல்ல கட்டத்தில் நிற்கும் குதிரைக்குக் கொஞ்சம் கொசுறு. எல்லாவற்றையும் கூட்டினால் விடை. கொசுறு எவ்வளவு சேர்ந்தாலும் யானையின் விலையை எட்டுவது அரிது. ஆழமாகத் தேடினால் சரியாகிவிடும் என்பார்கள். பாதிதான் உண்மை. பயனற்றதாகத் தோன்றும் நகர்த்தல்களை எஞ்சின் குறைந்த ஆழத்திலேயே பார்த்துத் தள்ளிவிடுகிறது. அதனால்தான் அத்தனை வேகம். காயை இழந்து அமைதியாக நிற்கும் நகர்த்தல்தான் அப்படி முதலில் தள்ளப்படுகிறது.

இந்த இடத்தில்தான் 2017-இல் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஸீரோ எஞ்சின் அடித்தது. ஸ்டாக்ஃபிஷ் 8-க்கு எதிராக 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா, தோல்வி இல்லை. நொடிக்கு ஸ்டாக்ஃபிஷ் 7 கோடி நிலைகளைப் பார்த்தது. ஆல்ஃபாஸீரோ பார்த்தது 80 ஆயிரம். போட்டி விதிமுறைகள் நியாயமானவையா என்ற சண்டை தனி. ஆனால் சிப்பாய்களைக் கொடுத்துவிட்டு எதிராளியின் காய்களை மூலையில் முடக்கிப்போட்ட அந்த ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்தது. அதே வழியில் 2018-இல் தொடங்கிய திறந்த மென்பொருள்தான் லீலா. விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு, தன்னோடு தானே ஆடிக் கற்றது. காய்களுக்கு யாரும் விலை நிர்ணயித்துக் கொடுக்காததால், யானையைக் கொடுக்க அதற்குத் தயக்கமும் இல்லை.

இதை வைத்து “ஸ்டாக்ஃபிஷ் கணக்குப் பிள்ளை, லீலா ஞானி” என்று இன்னமும் எழுதுபவர்கள் 2020-க்குப் பிறகு எஞ்சினைத் திறந்து பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். அந்த ஆண்டு வந்த ஸ்டாக்ஃபிஷ் 12-இல் என்என்யூஇ என்ற சிறிய நரம்பியல் வலை சேர்ந்தது. ஷோகி என்ற ஜப்பானியச் சதுரங்கத்துக்காக யூ நாசு உருவாக்கியது அது. சாதாரணக் கணினியிலேயே வேகமாக ஓடும். 2024-இல் வந்த 16.1 பதிப்பில் மளிகைச் சீட்டே இல்லை. இதில் வேடிக்கை, அந்த வலையைப் பயிற்றுவிக்க லீலாவின் தரவுகளையும் பயன்படுத்தினார்கள்.

ஆகவே ஈடு தெரியுமா என்பதில் இருவருக்கும் இன்று பெரிய இடைவெளி இல்லை. வித்தியாசம் அதைச் சொல்லும் விதத்தில் இருக்கிறது. ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல் +1.00 என்றால் ஒரு சிப்பாய் கூடுதல் என்று பொருளல்ல; வெல்ல 50 சதவீத வாய்ப்பு என்று பொருள். வெற்றி, டிரா, தோல்வி விகிதங்களையும் அது காட்டும். ஆனால் அவை அந்த எண்ணிலிருந்தும் பலகையில் மிஞ்சிய காய்களிலிருந்தும் பிறகு கணக்கிடப்படுபவை. லீலாவின் வலை மூன்றையும் நேரடியாகத் தருகிறது. 0.00 என்று எழுதிய இரண்டு நிலைகளில் ஒன்று செத்த டிரா, மற்றொன்று இருபக்கமும் கத்தி தொங்கும் நிலை என்றால், லீலா அதைப் பிரித்துக் காட்டக்கூடும். கறுப்பு தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயைக் கொடுத்துவிடும் பெங்கோ கேம்பிட்டில் கறுப்பு ஆடுபவர் கேட்பது இதைத்தான்: சிப்பாயைக் கொடுத்துவிட்டு நான் வெல்ல எவ்வளவு இடம் இருக்கிறது?

லீலாவின் பலவீனம் வேறு இடத்தில். சந்தேகப்பட்ட நகர்த்தலுக்கு அது கொஞ்ச நேரமே ஒதுக்கும். ஈடு நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும்போது, எதிராளியின் ஒரே ஒரு விசித்திரமான பதிலடி அதன் கண்ணில் படாமல் போகலாம். ஸ்டாக்ஃபிஷிடம் அது பெரும்பாலும் தப்பாது. நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினி என்றால் லீலாவை விட்டுவிடலாம். அதில் அதன் வேகம் நொண்டும். கார்டு இருந்தால், எதைக் கொடுக்கலாம் என்ற யோசனையை லீலாவிடம் கேட்டு, அது உடைகிறதா என்பதை ஸ்டாக்ஃபிஷிடம் கேட்பேன்.

இருவரும் சேர்ந்தே சறுக்கும் இடமும் உண்டு. காய் குறைந்தவர் சுவர் எழுப்பி உள்ளே உட்கார்ந்துவிட்ட நிலைகளில், உடைக்க வழியே இல்லாதபோதும் திரையில் +2 நின்றுகொண்டிருக்கும். ஆழம் 30-இல் இருந்து 45-க்குப் போயும் எண் அசையவில்லை, காட்டும் வரிசையில் ராஜா அங்கும் இங்கும் நடக்கிறது என்றால் எண்ணை நம்பாதீர்கள். எஞ்சினையே இருபக்கமும் ஆடவிட்டுப் பாருங்கள். ஐம்பது நகர்த்தல் விதி (வெட்டோ சிப்பாய் நகர்த்தலோ இல்லாமல் ஐம்பது நகர்த்தல் போனால் டிரா கோரலாம்) நெருங்க நெருங்க, அந்த +2 மெதுவாகச் சுழியத்தை நோக்கி இறங்கும்.